ஜனவரி 31-க்கு அடுத்த மாதம்

2023 ஜனவரி 31-ஆம் தேதி ஒருவர் கடன் வாங்குகிறார். ஒரு மாதம் கழித்து முதல் தவணை கட்ட வேண்டும் என்பது பேச்சு. அது எந்தத் தேதி? பிப்ரவரியில் 31 கிடையாது, மாதக் கடைசிதான் கணக்கு, ஆகவே பிப்ரவரி 28 என்பார் ஒருவர். மாதம் என்றால் முப்பது நாள் என்று விரல்விட்டு எண்ணி மார்ச் 2 என்பார் இன்னொருவர். பிப்ரவரி 31 என்றே வைத்துக்கொண்டு, மிஞ்சுகிற மூன்று நாளை அடுத்த மாதத்தில் தள்ளினால் மார்ச் 3 வரும். மூன்றிலும் நியாயம் இருக்கிறது. எதைக் கொள்வது என்பது கடன் பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டிய விஷயம். இதே கேள்வியைக் கணினி மொழிகளிடம் கேட்டால் என்ன நடக்கிறது? ஜாவாவின் இன்றைய தேதி நூலகத்தில் ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 28 வருகிறது. ஜாவாஸ்கிரிப்ட்டின் பழைய தேதியில் மாத எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் மார்ச் 3 வந்து நிற்கிறது. இரண்டுமே உங்களிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஹாஸ்கெல் மொழியின் நூலகமோ, 'மாதம் கூட்டு' என்று மொட்டையாக ஒரு கட்டளையைத் தருவதே இல்லை. மாதக் கடைசியோடு நறுக்கி நிறுத்துகிற கட்டளை ஒன்று, மிச்ச நாளை அடுத்த மாதத்துக்கு உருட்டிவிடுகிற கட்டளை ஒன்று என இரண்டை வைத்திருக்கிறது. எது வேண்டும் என்பதை நிரல் எழுதுகிறவர் பெயர் சொல்லிக் கேட்டாக வேண்டும்.

தேதியிலும் நேரத்திலும் வரும் பிழைகளைக் கவனக்குறைவின் கணக்கில் எழுதுவது வழக்கம். அவற்றில் பெரும்பாலானவை பெயர் வைத்ததில் நேர்ந்த பிழைகள் என்பது என் கருத்து. பிறந்த நாள், ரயில் புறப்படும் நேரம், ஒரு மின்னஞ்சல் வந்து விழுந்த கணம், 'இரண்டு மணி நேரம்' என்ற கால அளவு, 'ஒரு மாதம்' என்ற தவணை எல்லாம் வேறு வேறு பொருள்கள். இவற்றையெல்லாம் 'தேதி' என்ற ஒரே பெட்டியில் போட்டு, உள்ளே வெறும் எண்ணாக வைத்தால், கணினி எதை எதோடு வேண்டுமானாலும் கூட்டும். இரண்டு படி அரிசியையும் மூன்று முழம் பூவையும் கூட்டி ஐந்து என்று சந்தையில் யாரும் சொல்லமாட்டார்கள். கணினிக்கு அந்தக் கூச்சம் கிடையாது, நாம் கற்றுக்கொடுத்தால் ஒழிய. கற்றுக்கொடுக்கும் வழிக்குத்தான் தரவு வகை என்று பெயர். ஒரு மதிப்பு படியா முழமா என்பதை நிரலுக்குள்ளேயே எழுதிவைத்தால், நிரலை ஓடவிடுவதற்கு முன்பே, அதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் படித்துப் பார்த்து, பொருந்தாத இடத்தில் நிறுத்திவிடும். ராபின் மில்னர் 1970-களில் எடின்பரோவில் உருவாக்கிய எம்.எல். மொழியும், அதன் வழிவந்த ஓகேமல், ஹாஸ்கெல், எல்ம் போன்றவையும் இந்த வேலையில் தேர்ந்தவை. ஃபங்ஷனல் புரோகிராமிங் எனப்படும் சார்புவழி நிரலாக்கத்தின் மொழிகள் இவை.

2012 பிப்ரவரி 29 அன்று மைக்ரோசாஃப்ட்டின் அஷூர் மேகக் கணினிச் சேவை முடங்கிய கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கே ஒவ்வொரு மெய்நிகர்க் கணினியும் எழும்போது, தனக்கு ஒரு பாதுகாப்புச் சான்றிதழை உருவாக்கிக்கொள்ளும். சான்றிதழ் ஓராண்டுக்குச் செல்லும். முடிவுத் தேதியைக் கணக்கிட, அன்றைய தேதியை எடுத்து ஆண்டோடு ஒன்றைக் கூட்டினார்கள். வருடத்தில் மற்ற எந்த நாளிலும் இது சரியான விடையையே தரும். அன்று கிடைத்த விடை 2013 பிப்ரவரி 29. அப்படி ஒரு நாள் இல்லாததால் சான்றிதழ் உருவாகவில்லை, கணினியும் எழவில்லை. மூன்று முறை முயன்று தோற்றதும் மேலாண்மை மென்பொருள் அந்த இயந்திரமே பழுது என்று முடிவுகட்டி, அதிலிருந்த வேலைகளை வேறு இயந்திரங்களுக்கு மாற்றியது. அங்கேயும் அதே கணக்கு, அதே தோல்வி. இதை எழுதியவருக்கு நெட்டாண்டு தெரியாது என்று சொல்ல முடியுமா? பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். தேதி என்பது ஆண்டு, மாதம், நாள் என்ற மூன்று தனித்தனி எண்கள், ஒன்றை மட்டும் தொட்டு மாற்றினாலும் மிச்சம் தேதியாகவே இருக்கும் என்று அந்த நிரல் நம்பியதில்தான் கோளாறு. தேதி அப்படிப்பட்ட பொருள் அல்ல. மூன்று எண்களும் ஒன்றையொன்று கட்டிப்போட்டிருப்பவை.

ஹாஸ்கெலின் நேர நூலகம் இந்தச் சிக்கலை அடியிலேயே தீர்க்கிறது. ஆஷ்லி யேக்லி எழுதிய அந்த நூலகத்தில் 'நாள்' என்ற வகைக்குள் ஆண்டும் இல்லை, மாதமும் இல்லை. இருப்பது ஒரே ஒரு முழு எண். 1858 நவம்பர் 17-ஆம் தேதியைப் பூஜ்யமாக வைத்து, அதிலிருந்து எத்தனையாவது நாள் என்ற எண்ணிக்கை. வானியலில் இதற்குத் திருத்திய ஜூலியன் நாள் என்று பெயர். 1957-இல் ஸ்புட்னிக் விண்கலத்தின் பாதையை ஐ.பி.எம். 704 கணினியில் குறித்துவைக்க, ஏற்கெனவே இருந்த ஜூலியன் நாள் கணக்கைச் சுருக்கி ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகத்தார் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. 1947 ஆகஸ்ட் 15 அந்தக் கணக்கில் 32412. இதன் அழகு என்னவென்றால், எந்த முழு எண்ணைக் கொடுத்தாலும் அது உண்மையில் இருந்த, அல்லது இருக்கப்போகிற ஒரு நாள். பிப்ரவரி 30-க்கு எண்ணே கிடையாது. தவறான ஒன்றை எழுதவே முடியாதபடி வகையை அமைக்க வேண்டும் என்று ஓகேமல் நிரலர் யாரன் மின்ஸ்கி வலியுறுத்திவந்த கொள்கைக்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நம் பஞ்சாங்கக் கணிதத்துக்கும் இது புதிதல்ல. கலியுகம் தொடங்கியதாகக் கொள்ளப்படும் கி.மு. 3102-லிருந்து கழிந்த நாள்களின் எண்ணிக்கைக்கு அகர்கணம் என்று பெயர். கோள்களின் நிலை, கிரகணம் எல்லாவற்றுக்கும் அதுதான் கைமுதல். ஜான் வாரன் 1825-இல் சென்னையில் வெளியிட்ட 'கால சங்கலித' நூல், தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கர் கிளிஞ்சல்களைத் தரையில் வைத்துக் கிரகணம் கணித்த முறையைப் பதிவுசெய்திருக்கிறது. தமிழ் மாதத்துக்கு 29 முதல் 32 நாள் வரை உண்டு. அப்படி நீண்டு குறுகும் மாதங்களை வைத்து நேரடியாகக் கூட்டிக் கழிக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கணக்கு நாள் எண்ணிக்கையில் நடக்கும். மாதமும் தேதியும் அந்த எண்ணைப் படித்துச் சொல்லும் முறைகள். 32412-ஐ ஆங்கில நாட்காட்டி ஆகஸ்ட் 15 என்று படிக்கும், தமிழ் நாட்காட்டி சர்வஜித்து ஆண்டு ஆடி மாதத்தில் வைத்துப் படிக்கும். நாள் ஒன்றுதான்.

இப்படி அமைத்தபின் கூட்டல் கழித்தலும் ஒழுங்குக்கு வருகிறது. ஒரு நாளிலிருந்து இன்னொரு நாளைக் கழிக்கலாம். விடை நாள் அல்ல, எண்ணிக்கை. நாளோடு எண்ணிக்கையைக் கூட்டலாம், விடை நாள். நாளோடு நாளைக் கூட்ட முடியாது, கம்பைலர் ஏற்காது. தீபாவளியையும் பொங்கலையும் கூட்டினால் என்ன வரும் என்ற கேள்விக்குப் பொருளே இல்லை அல்லவா? ஆண்டு, மாதம், தேதி என மூன்று எண்கள் வெளியிலிருந்து வந்தால், அவற்றைச் சோதித்து 'நாள்' ஆக்கித் தரும் கட்டளை 'மேபி' என்ற வகையில் விடை சொல்கிறது: ஒரு நாள் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று எழுதாதவரை அந்த விடையை நாளாகப் பயன்படுத்த முடியாது. 2013 பிப்ரவரி 29 அந்த வாசலிலேயே பிடிபடும். இங்கே ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அதே நூலகத்தில் சோதிக்காமல், தவறான தேதியை ஓசைப்படாமல் 28 ஆக நறுக்கித் தரும் கட்டளையும் இருக்கிறது, அதற்குத்தான் சின்னப் பெயர் வைத்திருக்கிறார்கள். கைக்கு முதலில் அகப்படுவது பாதுகாப்பானதாக இருந்திருக்க வேண்டும்.

நாளைவிட வழுக்கலான பொருள் கணம். உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு புள்ளி அது. யூனிக்ஸ் கணக்கில் கிரீன்விச்சின் 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து இத்தனை விநாடி என்று சொல்லப்படுவது. மின்னஞ்சல் வந்ததற்கும் வங்கியில் பணம் ஏறியதற்கும் இது பொருத்தமான வகை. பிறந்த நாளுக்குப் பொருந்தாது. மதுரையில் 1990 மார்ச் 5 பிறந்தவரின் பிறந்த தேதியை 'இந்திய நேரப்படி மார்ச் 5 நள்ளிரவு 12 மணி' என்ற கணமாகச் சேமித்தால், அந்தக் கணம் கிரீன்விச்சில் மார்ச் 4 மாலை 6.30. லண்டனில் உள்ள கணினி அதைத் திறந்து படித்தால் ஆளின் பிறந்த நாள் ஒரு நாள் முந்திவிடும். ஜாவாஸ்கிரிப்ட்டில் இது இன்னும் சுலபமாக நடக்கும். வெறும் தேதியை எழுத்தாகக் கொடுத்தால் அதைக் கிரீன்விச் நள்ளிரவாகக் கொள்கிறது. பக்கத்தில் மணியையும் சேர்த்துக் கொடுத்தால் உள்ளூர் நேரமாகக் கொள்கிறது. அமெரிக்காவில் இருப்பவர் முதல் வகையைத் திரையில் பார்த்தால் முந்தைய நாள் தெரியும். எல்ம் மொழியின் அடிப்படை நூலகம் இதற்குக் கறாரான வழி வைத்திருக்கிறது. அதனிடம் ஒரு கணத்தைக் காட்டி 'மணி என்ன?' என்று மட்டும் கேட்க வழியில்லை. நேர மண்டலத்தையும் கூடவே கொடுத்தால்தான் அந்தக் கேள்வியே முழுமை பெறும். எங்கே மணி என்ன என்று கேட்பதுதானே சரியான கேள்வி.

எதிர்த்திசையில் போகும்போதுதான் இந்த வகைகளின் அருமை நன்றாகப் புலப்படும். சுவர்க் கடிகாரம் காட்டும் நேரத்தைக் கணமாக மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 2024 மார்ச் 31 அன்று லண்டனில் இரவு 1 மணி ஆனதும் கடிகாரத்தை 2-க்குத் தள்ளினார்கள். அன்று அங்கே 1.30 என்ற நேரமே இல்லை. அக்டோபர் 27 அன்று 2 மணியிலிருந்து மீண்டும் 1-க்கு இழுத்தார்கள், அன்று 1.30 இரண்டு தடவை வந்தது. சமோவா இன்னும் ஒரு படி மேலே போய், தேதிக் கோட்டின் மறுபக்கம் தாண்டுவதற்காக 2011 டிசம்பர் 30-ஐ முழுதாக விட்டுவிட்டது. 29-க்கு மறுநாள் 31. ஆகவே இந்த மாற்றத்துக்கு விடை பூஜ்யமாக, ஒன்றாக, இரண்டாக இருக்கலாம். எம்.எல். குடும்பத்திடம் நிறையக் கடன் வாங்கிய ரஸ்ட் மொழியின் குரோனோ நூலகம் இதை அப்படியே வகையாக்கியிருக்கிறது: இல்லை, ஒன்று, இரண்டுபட்டது என்ற மூன்றில் ஏதாவது ஒன்றாகத்தான் விடை வரும். சார்புவழி நிரலாளர்கள் கூட்டு வகை என்று சொல்வது இதைத்தான். ஒரு மதிப்பு இந்த மூன்றில் ஒன்று, நான்காவது கிடையாது, மூன்றுக்கும் பதில் எழுதாவிட்டால் கம்பைலர் விடாது. ஹாஸ்கெலில் இதே நேர்மைக்கு வேறொரு சான்று உண்டு. உள்ளூர் நேரத்தையும் மண்டலத்தையும் சேர்த்து வைக்கும் வகையில், இரண்டு மதிப்புகள் சமமா என்று கேட்கவே முடியாது. சென்னையில் மாலை 5.30-ம் கிரீன்விச்சில் பகல் 12-ம் ஒரே கணம்; ஆனால் சுவரில் தெரிவது வேறு. சமம் என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுகிறது.

வகைகளோடு சார்புவழி நிரலாக்கம் தரும் இன்னொன்றும் இருக்கிறது. அங்கே ஒரு சார்பின் விடை, அதற்குக் கொடுத்த உள்ளீட்டை மட்டுமே பொறுத்தது. 'இப்போது மணி என்ன' என்பது ஒவ்வொரு தடவையும் வேறு விடை தரும்; ஆகவே ஹாஸ்கெலில் அது சார்பே அல்ல, வெளியுலகத்தைத் தொடும் செயல் என்று வகையிலேயே முத்திரை குத்தப்பட்டிருக்கும். அதனால் வயதைக் கணக்கிடும் சார்பு தானாகப் போய்க் கடிகாரத்தைப் பார்க்காது; இன்றைய தேதியைக் கையில் கொடுக்கச் சொல்லும். இதனால் என்ன லாபம் என்று கேட்டால், 2008 டிசம்பர் 31 அன்று உறைந்துபோன ஸூன் என்ற பாட்டுக் கேட்கும் கருவியைப் பாருங்கள். 1980-லிருந்து கழிந்த நாள்களை ஆண்டாக மாற்றும் ஒரு சுழற்சி அதற்குள் இருந்தது. நாள் எண்ணிக்கை 365-க்கு மேல் இருக்கும்வரை சுற்று. நெட்டாண்டாக இருந்து, எண்ணிக்கை 366-ஐத் தாண்டியிருந்தால் 366-ஐக் கழி. நெட்டாண்டு இல்லையென்றால் 365-ஐக் கழி. 2008-இன் கடைசி நாளில் எண்ணிக்கை சரியாக 366. 365-க்கு மேல், ஆகவே சுழற்சி நிற்காது. 366-ஐத் தாண்டவில்லை, ஆகவே எதுவும் கழிபடாது. சுற்றிக்கொண்டே இருந்தது. கருவி 2006 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. அது சந்தித்த முதல் நெட்டாண்டின் இறுதி நாள் அது. முடிவில்லாத சுழற்சியைத் தேதி வகை மட்டும் தடுத்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கணக்கு எண்ணை வாங்கி ஆண்டைத் தரும் தூய சார்பாகத் தனியே நின்றிருந்தால், நூறு ஆண்டுகளின் எல்லா நாள்களையும் சில விநாடியில் அதற்குள் செலுத்திப் பார்த்திருக்கலாம். டிசம்பர் 31 வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இவ்வளவு வகைகள் தேவையா, ஒரு சின்னக் கணக்குக்கு ஐந்து பெயர்களைக் கற்க வேண்டுமா என்று நிரலாளர்கள் முறையிடுவதில் உண்மை உண்டு. ஒரு நாள் ஓடிவிட்டு அழியப்போகிற நிரலுக்கு வெறும் எண் போதும். ஆனால் ஐந்து பெயர்கள் கற்கும் சுமையை வகைகள் கொண்டுவரவில்லை; ஐந்து பொருள்கள் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. பெயர் வைக்காவிட்டால் அவை நிரலாளரின் நினைவில் தங்க வேண்டும், அவர் வேலை மாறிப் போனதும் அதுவும் போய்விடும். இதெல்லாம் சார்புவழி மொழிகளில்தான் முடியுமா என்பது அடுத்த கேள்வி. இல்லை, அப்படி நான் வாதிடவும் இல்லை. ஜாவாவின் முதல் தேதி வகை 1996-இல் வந்தது. ஆண்டை 1900-லிருந்தும் மாதத்தைப் பூஜ்யத்திலிருந்தும் எண்ணும் அதனிடம் 2024, 1, 1 என்று கொடுத்தால் 3924-ஆம் ஆண்டு பிப்ரவரி 1 கிடைக்கும். போதாக்குறைக்கு, ஒரு தேதியை இன்னொருவரின் நிரலுக்குக் கொடுத்தால் அது உள்ளே போய் மாறிவரவும் கூடும். ஸ்டீஃபன் கோல்போர்ன் ஜோடா டைம் நூலகத்தை எழுதினார்; அதன் அனுபவத்திலிருந்து 2014 மார்ச்சில் ஜாவா 8-ஓடு புதிய வகைகள் வந்து சேர்ந்தன. நாள், கணம், கால அளவு, தவணை ஒவ்வொன்றுக்கும் தனி வகை. ஒருமுறை உருவான மதிப்பு பிறகு மாறாது. பொருள்நோக்கு மொழியான ஜாவாவே சார்புவழி நிரலாளர்களின் ஒழுங்கைத் தேடி வந்தது என்றுதான் இதை நான் படிக்கிறேன்.

வலுவான ஆட்சேபம் வேறு. நேரம் கணிதத்துக்கு மட்டும் கட்டுப்பட்டது அல்ல, அரசாங்கங்களுக்கும் கட்டுப்பட்டது. அரசாணையை வகையால் தடுக்க முடியுமா? முடியாது. இலங்கை 1996 மே மாதம் தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது, அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தது, 2006 ஏப்ரலில் மீண்டும் இந்திய நேரத்துக்கே திரும்பியது. இந்தப் பத்தாண்டும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்தையே வைத்திருந்தன. 2003-இல் கொழும்பில் காலை 9 மணி என்றால் கிளிநொச்சியில் 8.30. ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980-களில் தொடங்கி, இன்று உலகின் கணினிகள் பெரும்பாலும் நம்பியிருக்கும் நேர மண்டலத் தரவுத்தளத்தில் முழுத் தீவுக்கும் 'ஆசியா/கொழும்பு' என்ற ஒரே பெயர்தான். வன்னியில் ஒரு பிறப்புக்குக் குறித்த நேரத்தை அந்தப் பெயரோடு சேர்த்துக் கணமாக்கினால் அரை மணி பிசகும். எந்தக் கம்பைலரும் இதைக் கண்டுபிடிக்காது. வகையால் முடிவது, அந்த மாற்றத்துக்கு வெளியிலிருந்து ஒரு அட்டவணை தேவைப்படுகிறது என்பதை மறைக்காமல் காட்டுவது. சுவர் நேரம் ஒரு வகை, கணம் வேறு வகை என்று பிரித்து, எழுதப்பட்ட 8.30-ஐ ஊர்ப் பெயரோடு அப்படியே வைத்திருந்தால், அட்டவணை தவறு என்று தெரியவரும் நாளில் திருத்திக்கொள்ளலாம். முன்கூட்டியே கணமாக மாற்றிச் சேமித்திருந்தால் மூல நேரம் எது என்பதே தொலைந்திருக்கும். வரப்போகிற நிகழ்ச்சிகளுக்கும் இதே விதி: சில ஆண்டு கழித்துக் கொழும்பில் காலை 10 மணிக்கு ஒரு கூட்டம் என்றால், சேமிக்க வேண்டியது அந்த 10 மணியும் ஊரும்தான், இடையில் அரசு கடிகாரத்தை மாற்றினாலும் கூட்டம் 10 மணிக்கே நடக்கும்.

வகையை எழுதுகிறவரும் தனக்குத் தெரிந்த உலகத்தைத்தான் அதில் எழுதுகிறார் என்பதற்குச் சென்னையே சாட்சி. இந்திய திட்ட நேரம் 1906 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வருவதற்கு முன், சென்னை வானாய்வகத்தின் நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முன்னே ஓடியது. ரயில்வேக்கள் நாடெங்கும் அதைத்தான் பின்பற்றின. ஹாஸ்கெல் நூலகத்தின் நேர மண்டல வகையோ கிரீன்விச்சிலிருந்து உள்ள தூரத்தை முழு நிமிடங்களில் மட்டுமே ஏற்கும். இவ்வளவு நேரம் நான் பாராட்டிய நூலகத்தில் அந்தக் காலத்துச் சென்னை நேரத்துக்கு இடமில்லை. பத்து விநாடி வெளியே நிற்கிறது. ஜாவாவின் புதிய நூலகம் விநாடிவரை ஏற்கிறது, அங்கே இடம் உண்டு. ஆனால் ஹாஸ்கெலில் இந்தக் குறையைத் தேடி ஆயிரக்கணக்கான வரிகளைப் புரட்ட வேண்டியதில்லை. 'நிமிடம், முழு எண்' என்று வகையின் அறிவிப்பில் ஒரு வரியில் எழுதியிருக்கிறது, யாரும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். அந்த வரியின் வகையை ஒருவர் மாற்றிவிட்டுக் கம்பைலரை ஓடவிட்டால், அதை நிமிடமாக நம்பி எழுதப்பட்ட இடங்களை அது ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுக்கும்.